ஒரே பந்தி என்றொரு ஷரத்து

சென்ற மாதம் ஒரு போன் வந்தது. என் பழைய தொழிலாளர் துறை அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண் பேசினார். சாலை வேலை ஒன்றுக்குக் கட்டுமானச் சங்கத்தோடு ஒப்பந்தம் போட வேண்டுமாம். "சார், உங்க காலத்து மாடல் ஏதாச்சும் இருந்தா அனுப்புங்க சார். பேரையும் ஊரையும் மட்டும் மாத்திக்கிருவேன்."

தேடிப் பார்க்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். தேட வேண்டிய அவசியமே இல்லை. நான் எழுதிய ஒப்பந்தங்களில் பேரையும் ஊரையும் மாற்றினால் எது நிற்கும், எது விழும் என்று எனக்கு மனப்பாடம். ஒன்று மட்டும் பேரையும் ஊரையும் எடுத்துவிட்டால் ஒரு சொல்கூட நிற்காது. அதைப் பற்றித்தான் அந்தப் பெண்ணுக்கு எழுத உட்கார்ந்தேன். எழுத எழுத, கடிதம் இப்படி ஆகிவிட்டது.

நான் வயதுக்கு முன்பே விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்தவன். உட்கார்ந்த நாற்காலி சூடேறினால் எழுந்துவிட வேண்டும் எனக்கு. வேலையில் இருந்தபோதும் அப்படித்தான். மேசையைவிட ஜீப்பில் அதிகம் இருந்தேன், ஜீப்பைவிட சிமென்ட் தூசி பறக்கும் வேலையிடங்களில். அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குப் போகும் வழியில் எந்தப் பாலம் யார் கையால் எழுந்தது என்று என்னால் சொல்ல முடியும். பாலத்துக் கல்வெட்டில் அந்தப் பெயர்கள் இருக்காது. வெயில் கரிசலைப் பாளம் பாளமாகப் பிளக்கும் அந்த வெளியில், வேலிக்கருவைக்கு நடுவே திடீரென்று நிமிர்ந்து நிற்கும் ஒரு தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தால், ஊர்க்காரர்களுக்குத் தண்ணீர் நினைவுக்கு வரும். எனக்கு அதன் ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்த பெருவிரல்கள்.

அரசாங்கம் எதைக் கட்டினாலும் தானே கரண்டி பிடிப்பதில்லை. ஒப்பந்ததாரர் வருவார். அவருக்கு ஆள் வேண்டும். ஆட்களுக்குச் சங்கம் இருக்கும். உள்ளூர் ஆளா வெளியூர் ஆளா, லோடு இறக்குவது யார், பெண்களுக்குக் கழிப்பறை எங்கே, எந்நேரம் வேலை நிற்கலாம், எந்நேரம் நிற்காது. இதிலெல்லாம் இருவரும் முட்டிக்கொண்டால் எங்கள் அலுவலகம் நடுவில் போய் உட்காரும். பேசி முடித்து மூன்று தரப்பும் கையெழுத்திடும் ஒப்பந்தத்தைச் சட்டப்பிரிவின் எண்ணைக்கொண்டு 'பன்னிரண்டு மூணு' என்போம். உதவியாளனாகச் சேர்ந்து முதல் சில வருடங்கள் அவற்றை நகலெடுத்தேன். பிறகு வரைவு எழுதினேன். பயிற்சி என்று சொல்ல அவ்வளவுதான். மற்றதெல்லாம் தவமணி மேடம்.

தவமணி மேடம் எங்கள் சமரச அலுவலர். பருத்திச் சேலை, ஆண்கள் கட்டும் பெரிய கடிகாரம். பேச்சுவார்த்தையில் மேசையின் தலைமாட்டில் உட்காரவே மாட்டார். கதவோரம் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொள்வார். கோபித்து வெளியே போகிறவர்கள் அவரைத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்டும்போது, "போறதுக்கு முன்னால ஒரு டீ குடிச்சிட்டுப் போங்க" என்பார். டீ வந்து சேர நேரமாகும். அதற்குள் போகிற கோபம் பாதியாகியிருக்கும்.

முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். சங்கத்தைப் பார்த்து, "ஒங்க கோரிக்கை எனக்குத் தெரியும். அவரு என்ன கேக்காருன்னு நீங்க சொல்லுங்க." பிறகு ஒப்பந்ததாரரைப் பார்த்து அதையே. பந்தல்குடி பக்கம் ஒரு பாலத்து வேலையில், சிமென்ட் லாரிகள் தூத்துக்குடி ரோட்டில் வரிசை கட்டி நிற்க, சுமைப்பணிச் சங்கத் தலைவர் இந்தக் கேள்விக்கு வாயைத் திறந்தவர் மூடாமல் நின்றார். எதிராளி என்ன கேட்கிறார் என்று அவருக்குத் தெரியவில்லை. ஒப்பந்ததாரருக்கும் தெரியவில்லை. விசாரித்தால், இருவரும் கேட்டது ஏறக்குறைய ஒன்றே. அன்று மத்தியானமே லாரிகள் நகர்ந்தன.

அடுத்து, யாரும் மறுக்காத சங்கதிகளை முதலில் எழுதச் சொல்வார். குடிதண்ணீர், நிழல், முதலுதவிப் பெட்டி. "ஒத்துக்கிட்டு ஒத்துக்கிட்டுப் பழகட்டும்யா." ஒவ்வொரு ஷரத்தையும் இரண்டு முறை வாசிக்க வேண்டும். ஒருமுறை அரசாங்கத் தமிழில், ஒருமுறை பேசுகிற தமிழில். பேச்சுத் தமிழில் கேட்டு யாராவது சிரித்தால் அந்த வாக்கியம் தேறாது, திரும்ப எழுது. இன்னொன்று, 'கூடாது' என்ற சொல் அவருக்கு ஆகாது. "கூடாதுன்னு எழுதுனா, எவனுக்கும் ஒரு வேலையும் இல்ல. யாரு, எங்க, என்ன செய்வாகன்னு எழுது." இந்த ஒரு திருத்தத்துக்காக அவர் என் தாள்களைக் கிழித்தது கொஞ்சமில்லை.

அந்த ஒப்பந்தத்துக்கு வருகிறேன்.

பரளச்சிக்கு அப்பால் ஓர் ஊர். பெயர் வேண்டாம். ஊருக்கு ஆரம்ப சுகாதார நிலையம் வந்தது. அதற்கு இடம் கொடுத்தவர் குருசாமி என்ற பெரியவர். ஊரில் பாதி நிலம் ஒரு காலத்தில் அவர் வீட்டு நிலம். கட்டட வேலைக்கு மதுரையிலிருந்து செல்வராஜ் என்ற ஒப்பந்ததாரர் வந்தார். கெட்டவரில்லை, அவசரக்காரர். எதிரே ஆள் பேசும்போதே போனில் ஜல்லி விலை கேட்பவர். ஊரின் காலனியில் கட்டுமானச் சங்கத்துக்கு ஒரு கிளை இருந்தது. அப்பன் பாட்டன் காலத்தில் குருசாமி வீட்டு நிலத்தில் கூலிக்கு உழைத்த குடும்பங்கள். இப்போது கம்பி கட்டுகிறவர்கள், சென்ட்ரிங் அடிக்கிறவர்கள், கொத்தனார்கள், கலவை சுமக்கும் சித்தாள்கள். கிளைச் செயலாளர் பஞ்சவர்ணம். சித்தாளாகத் தொடங்கியவர், அப்போதும் சித்தாள்தான். சும்மாடு வைத்து வைத்து உச்சியில் முடி அழுந்திப் போயிருக்கும். பேச்சு மட்டும் அழுந்தவே அழுந்தாது.

அந்த வேலை அவர்களுக்கு எவ்வளவு பெரியது என்பதைச் சொல்லிவிட வேண்டும். நடந்து போகிற தூரத்தில் வேலை. அதுவரை அந்தப் பெண்கள் இருட்டோடு வேனில் ஏறி, காரியாபட்டி தாண்டி மதுரைப் பக்கம் போய், ஊர் அடங்கித் திரும்பி வந்தவர்கள். பிள்ளைகளைத் தூங்கும் முகமாகவே பார்த்தவர்கள். ஒரு வருடமாவது வீட்டில் உலை வைத்துவிட்டு வேலைக்குப் போகலாம். ஒப்பந்தம் முறிந்தால், செல்வராஜ் குழாய் வழியே கலவை ஏற்றும் பம்ப்பும் வெளியூர் ஆட்களுமாக வந்துவிடுவார். பெண்கள் மறுபடியும் வேனில் ஏறுவார்கள்.

அருப்புக்கோட்டைப் பயணியர் விடுதியில் பேச்சு நடந்தது. குடிதண்ணீர் முடிந்தது, நிழல் முடிந்தது, உள்ளூர் ஆட்களின் பங்கு கொஞ்சம் இழுத்து முடிந்தது. செல்வராஜுக்கு உயிரான கோரிக்கை ஒன்று இருந்தது. தளம் போடுகிற நாளில் வேலை நிற்கவே கூடாது. கூரைக் கான்கிரீட்டைப் பாதியில் நிறுத்தினால், காய்ந்ததும் காயாததும் ஒட்டாது, பின்னால் அந்த இடத்தில் நீர் இறங்கும். தளத்தன்று மட்டும் சங்கம் வேலையை நிறுத்தாது என்று எழுதித் தர வேண்டும். சங்கங்கள் எளிதில் விட்டுத்தராத இடம் இது.

பஞ்சவர்ணம் சிரித்தார். "கலவ காயும்னு எங்களுக்குத் தெரியாதா? மொதச் சட்டி ஏறுச்சுன்னா கடேசிச் சட்டி ஏறுற வரைக்கும் ஒரு பய, ஒரு சிறுக்கி எறங்கமாட்டா. எழுதிக்கிருங்க சார்."

எழுதினேன். செல்வராஜ் முகம் மலர்ந்துவிட்டது. அந்த மலர்ச்சியில்தான் அவர் வாயைக் கொடுத்தார். "அன்னைக்குச் சாப்பாடு பத்தியும் நீங்க கவலப்பட வேணாம்மா. எடம் குடுத்த குருசாமி ஐயாவே போடுறேன்னுட்டாரு. கெடா வெட்டி!"

பின்வரிசைப் பெண்கள் வெற்றிலை மெல்லுவதை நிறுத்தினார்கள்.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம். வீட்டுக்குத் தளம் போட்டால், அன்று வேலை செய்தவர்கள் அத்தனை பேருக்கும் வீட்டுக்காரர் சாப்பாடு போட வேண்டும். கொத்தனாருக்குத் துண்டு கட்ட வேண்டும். வசதி இல்லாதவர்கள்கூடக் கேசரியும் வடையுமாவது தந்து கும்பிடுவார்கள். தலைக்கு மேல் கூரை வைத்துத் தந்த கைக்குச் செய்யும் மரியாதை. அரசாங்கக் கட்டடத்துக்கு வீட்டுக்காரர் இல்லை என்பதால் அங்கே பெரும்பாலும் அது பொட்டலச் சோறாக முடியும்.

"ஐயா வீட்டுச் சோறு நாங்க தின்னதுதான்," என்றார் பஞ்சவர்ணம், மேடத்தைப் பார்த்து. "அவுக மாடிக்குத் தளம் போட்டப்ப நாந்தான் மொதச் சட்டி தூக்குனேன். மத்தியானம் இன்ஜினியரு, சொந்தக்காரவுக எல்லாரும் உள்ள பந்தியில உக்காந்தாக. அவுக தின்னு முடிக்கிற மட்டும் நாங்க வெயில்ல நின்னோம். பெறகு மாட்டுக் கொட்டத்துல சாணிய ஒதுக்கிட்டு எங்களுக்கு எல போட்டாக."

"கறி நல்லாத்தான் இருந்துச்சு," என்றார் பின்னாலிருந்த ராக்கு. பஞ்சவர்ணத்தின் கூட்டாளி, அவரோடு சேர்ந்து சட்டி தூக்குகிறவர்.

"ஆமாடி, கறி மேல யாருக்கும் கோவமில்ல."

செல்வராஜ் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "சரிம்மா, ஐயா வேணாம். நான் பொட்டலம் வாங்கிக் குடுத்துருறேன். ஆளுக்கு ஒண்ணு. பிரச்சின முடிஞ்சுது."

"பொட்டலத்த வாங்கிக்கிட்டு ஆளுக்கொரு மூலையில போயித் திங்கணும். அதுவும் கொட்டந்தான."

அவர் யோசித்தார். யோசித்து, இந்த உலகத்தில் அவர் ஒருவருக்கு மட்டுமே தோன்றக்கூடிய வழியைக் கண்டுபிடித்தார். "பஃபே வச்சிருவோம்! மதுரையில கல்யாணத்துக்கெல்லாம் அதான். தட்ட எடுத்துக்கிட்டு நின்னுக்கிட்டே சாப்புடலாம். எவரும் எவரு பக்கத்துலயும் உக்கார வேண்டியதில்ல. ஐயாவும் நிப்பாரு, நீங்களும் நிப்பீக!"

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பஞ்சவர்ணம் சிரிக்கவில்லை. "விடிஞ்சதுல இருந்து நின்னே சட்டி தூக்குனவளுக்குச் சோறும் நின்னுக்கிட்டா? நாங்க என்ன, தொட்டியில தண்ணி காட்டுற மாடா சார்?"

தவமணி மேடம் கதவோர நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்தார். அவர் நாற்காலி நகர்ந்தால் விஷயம் கடினம் என்று எனக்குத் தெரியும். "பஞ்சவர்ணம், வேணாங்கிறதெல்லாம் சொல்லிட்ட. என்ன வேணும்? கண்ணுக்குத் தெரியிற மாதிரி சொல்லு."

பஞ்சவர்ணம் சேலைத் தலைப்பைச் சும்மாடு சுற்றுவதுபோல விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார். "சோறு நாங்க ஆக்குறோம். அரிசியும் கறியும் கான்ட்ராக்டரு குடுக்கட்டும். கட்டடத்துக்கிட்டயே பாய விரிச்சு அம்புட்டுப் பேரும் ஒரே பந்தியில உக்காரணும். குருசாமி ஐயாவும் உக்காரணும். அவுக எலையில நாங்க சோறு வைக்கணும்." கொஞ்சம் நிறுத்தி, "இது அவுக வீடில்ல மேடம். ஊரு ஆசுபத்திரி. ஊருதான் வீட்டுக்காரவுக. அந்த ஊருல நாங்களும் உண்டுமா இல்லையா?"

மேடம் என் கையிலிருந்த தாளைப் பார்த்துத் தலையசைத்தார்.

நான் என் கடமையைச் செய்தேன். 'உணவு வழங்குவதில் எவ்வித பாகுபாடும் காட்டப்படக் கூடாது' என்று எழுதி நீட்டினேன். மேடம் அதைப் படித்துவிட்டு அமைதியாக நாலாக மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். "இது மாட்டுக் கொட்டத்துலயும் ஒட்டி வைக்கலாம்யா. அந்தம்மா சொன்னத எழுது."

'தளம் போடும் நாளன்று, சங்க உறுப்பினர்கள் வேலையிடத்திலேயே சமைக்கும் உணவை, அன்று அவ்விடத்தில் இருக்கும் அனைவரும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்பார்கள். சங்க உறுப்பினர்கள் பரிமாறுவார்கள்.' பேச்சுத் தமிழில் வாசித்தபோது யாரும் சிரிக்கவில்லை.

ஆனால் பஞ்சவர்ணத்துக்கு அது போதவில்லை. குருசாமியின் பெயர் அதில் வேண்டும் என்றார். செல்வராஜ் எழுந்தே விட்டார். "அவரு பேர நான் எப்பிடிம்மா எழுத? எடம் குடுத்தவரு. நாளைக்குக் கரண்டு இழுக்க, ரோடு போட அவரு தயவு வேணும். இப்பிடின்னா எனக்கு இந்த ஆளுகளே வேணாம் மேடம், நான் பம்ப்ப வச்சுப் பாத்துக்கிறேன்." கதவைத் தாண்டும்போது மேடம் டீ சொன்னார். அவர் குடிக்காமலே போய்விட்டார். என் அனுபவத்தில் அது ஒன்றிரண்டு முறைதான் நடந்திருக்கிறது.

அன்று சாயங்காலம் மேடமும் நானும் ஜீப்பில் குருசாமி வீட்டுக்குப் போனோம். முற்றம் முழுக்க மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. காரம் மூக்கில் ஏற, மோர் வந்தது. கதர்த் துண்டு, கம்மிய குரல், மெலிந்த பெரிய உடம்பு. அவருக்கு எல்லாமே தெரிந்திருந்தது.

"நான் தர்மத்துக்கு மண்ணு குடுத்தவன்மா. அதுக்கு இந்தப் பேச்சா? மாரி மகளா இப்பிடிப் பேசுறா?"

"ஆமாய்யா. அவதான்."

"மாரி என் முன்னால துண்ட எடுத்துத் தோள்ல போட்டதில்ல." சொன்னது அவருக்கே எங்கோ உறுத்தியதுபோல முகத்தை மிளகாய்ப் பக்கம் திருப்பினார். பிறகு, கேட்காமலேயே சொன்னார். "என் தம்பியப் பாம்பு கடிச்சுச்சு. வேன்ல போட்டுக் கொண்டு போனோம். அருப்புக்கோட்ட லைட்டு கண்ணுக்குத் தெரியிறப்ப அவனுக்குப் பேச்சு நின்னுருச்சு. அதுலதான் எடத்தக் குடுத்தேன். எவன் என்னைய எங்க உக்கார வைக்கணும்னு இல்ல."

மேடம் மோரை முழுவதும் குடித்தார். "உங்கள எதுவும் செய்யச் சொல்லி நான் வரலய்யா. நீங்க அதுல கையெழுத்துப் போடப் போறதில்ல, உங்களக் கட்டவும் செய்யாது. எழுதியிருக்கத வாசிச்சுக் காட்டத்தான் வந்தேன். அன்னைக்கு அங்கிட்டு வந்தா என்ன நடக்கும்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும்ல."

"வரலைன்னா?"

"வரலைன்னா ஒண்ணுமில்ல. தளம் பாட்டுக்குக் காயும்."

நான் ஷரத்தை வாசித்தேன். அவர் மீண்டும் ஒருமுறை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. வாசல்வரை வந்து, ஜீப் கிளம்பும்போது, "தளம் என்னைக்குன்னு சொல்லிவிடச் சொல்லுங்க" என்றார்.

பெயரில்லாமல் எழுதியதற்குச் செல்வராஜ் இறங்கி வந்தார். பம்ப் வாடகையைப் போனில் விசாரித்திருப்பார் என்பது என் ஊகம். இனிப் பஞ்சவர்ணம்தான் முடிவு செய்ய வேண்டும். விடுதி வாசலில் வேப்ப மரத்தடியில் பெண்கள் கூடி நின்றார்கள். டீ கொண்டுபோன என்னை அவர்கள் ஒரு பொருட்டாக மதிக்கவில்லை.

"அவரு பேரு இல்லாட்டி அவரு வரமாட்டாரு. நாமளே ஆக்கி நாமளே திங்கிறதுக்கு ஒரு ஒப்பந்தமா?" என்றார் ஒருவர்.

"பேரப் போட்டாலும் வரமாட்டாரு," என்றார் ராக்கு. "ஏ பஞ்சவர்ணம், ஒனக்கு அவர உக்கார வைக்கணுமா, நமக்கு வேல வேணுமா? எம் மகளுக்கு நான் சடை பின்னி விட்டு எத்தன நாளாச்சு தெரியுமா?"

பஞ்சவர்ணம் டீயை ஊதிக்கொண்டே இருந்தார். டீ எப்போதோ ஆறியிருந்தது. "எனக்கு ரெண்டும் வேணும்டி," என்றார். பிறகு உள்ளே வந்து, அந்த ஷரத்துக்கு நேரே விரலை வைத்து, "வந்தா உக்காரணும். அதான?" என்று மேடத்திடம் கேட்டார். "அதான்," என்றார் மேடம். பஞ்சவர்ணம் கையெழுத்துப் போட்டார். பேனாவை அழுத்தியதில் கீழே இருந்த தாளிலும் அது பதிந்தது.

பணி வளர்ந்தது. தளம் போடும் நாளும் வந்தது. மேடம் என்னை அனுப்பினார். "போய்ப் பாரு. பேசாத."

விடியலில் தேங்காய் உடைத்து, சூடம் காட்டி, மிக்ஸர் உருளத் தொடங்கியது. சாரத்தின் மேல் பெண்கள் வரிசையாக நின்றார்கள். சட்டி கைமாறிக் கைமாறி ஏறியது. பார்க்கப் பார்க்க அது சட்டிகள் போலவே இல்லை. கலவையே தனக்குக் கால் முளைத்து மேலே நடப்பது போலிருந்தது. கீழே தார்ப்பாய்ப் பந்தலில் சங்கத்துப் பெண்கள் சிலர் அடுப்பு மூட்டியிருந்தார்கள். கறிக்குழம்பின் வாசனை எழுந்து சிமென்ட் வாசனையோடு கலந்தது. உச்சி வேளையில், குடை பிடித்துக்கொண்டு, தனியாக, குருசாமி நடந்து வந்தார்.

மேலே சட்டிகள் ஒரு கணம் தயங்கி, மறுபடி நகர்ந்தன.

அப்போதுதான் வினை வந்தது. செல்வராஜ் கைதட்டி, "பாதிப் பேரு எறங்கிச் சாப்புடுங்க, பாதிப் பேரு போடுங்க! கொத்தனாருங்க மொதல்ல!" என்றார். எல்லா வேலையிடத்திலும் அப்படித்தான் நடக்கும். பஞ்சவர்ணம் சாரத்திலிருந்தே கத்தினார்: "பாதிப் பாதியா? ஒரே பந்தின்னுதான எழுதியிருக்கு? மறுபடியும் சட்டி தூக்குறவ கடேசியிலயா?"

"வேல நிக்காதுன்னும் எழுதியிருக்கும்மா! நீ போட்ட கையெழுத்துதான!"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். வேலை நிற்காது என்று ஒரு ஷரத்து, எல்லோரும் சேர்ந்து உட்கார்வார்கள் என்று ஒரு ஷரத்து. இரண்டையும் அரசாங்கத் தமிழிலும் பேச்சுத் தமிழிலும் அத்தனை பேரும் காதால் கேட்டிருந்தோம். இரண்டும் ஒரே மத்தியானத்தில் நேருக்கு நேர் மோதும் என்று அந்த அறையில் இருந்த ஒருவருக்கும், மேடத்துக்கும்கூட, தோன்றவில்லை. ஒப்பந்தம் போடுகிறவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு அது. ஒவ்வொரு வாக்கியமாக ஜெயித்துக்கொண்டே வந்தவர்களுக்கு முழு நாளைப் பார்க்கக் கண்ணில்லை. மேடத்துக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். பிறகு, "ரெண்டுமே சரியாத்தான்யா எழுதியிருக்கோம்" என்றார். "அங்க இருக்கவுக பாத்துக்கிருவாக. நீ வாயத் தெறக்காத."

செல்வராஜ் குருசாமியைப் பாயில் உட்காரவைத்து, அவர் முன் இலையைப் போட்டார். "ஐயா, நீங்க ஆரம்பிங்க. உங்களுக்குச் சுகர் இருக்கு. அவுக வர நேரமாகும்."

குருசாமி இலையைப் பார்த்தார். தண்ணீரைக் கையில் ஊற்றி இலையில் தெளித்துத் துடைத்தார். கை அதன்மேல் அப்படியே நின்றது. பிறகு மேலே, வெயிலில், அந்த வரிசையைப் பார்த்தார். "அவுக எப்ப எறங்குவாக?"

அவுக என்றார்.

"இன்னும் கால்வாசி கெடக்குய்யா."

"முடிக்கட்டும். நான் இருக்கேன்."

"ஐயா, மயக்கம் கியக்கம்…"

"நான் என்ன சட்டியா தூக்குறேன்? உக்காந்துதான இருக்கேன்."

அவர் தொடாத இலைக்கு முன்னால் செல்வராஜும் இன்ஜினியரும் எப்படித் தொடுவார்கள்? செல்வராஜ் குழம்புப் பானையைப் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியாது. செய்தி சாரத்தில் சட்டியைவிட வேகமாக ஏறியது. மேலேயிருந்து ஒரு கொத்தனார் கத்தினார். "ஏலே, ஐயா பட்டினியாக் கெடக்காராம்! கலவயத் தள்ளுங்கலே!" "எங்க வயிறு பட்டினின்னா மட்டும் உங்களுக்கு ஓட்டம் வராதே!" என்று பெண்கள் வரிசையிலிருந்து பதில். மிக்ஸர் உருண்டது. சிரிப்பும் வசவுமாகக் கடைசிக் கால்வாசி மூடியது. குருசாமி சம்மணத்தை ஒருமுறைதான் மாற்றி உட்கார்ந்தார். முகம் வெளுத்திருந்தது. யாரோ கொடுத்த தண்ணீரை மட்டும் குடித்தார்.

மட்டப் பலகை கடைசியாக இழுத்து ஓய்ந்ததும் எல்லோரும் இறங்கினார்கள். கை கால் கழுவி, ஈரச் சேலையும் சிமென்ட் புருவமுமாகப் பாயில் அமர்ந்தார்கள். அமர்ந்தபின் பார்த்தால், குருசாமியின் இருபுறமும் இடம் காலியாக இருந்தது. யாரும் வேண்டுமென்று விடவில்லை. உடம்புகள் தாமாக விலகிப் பழகியிருந்தன. சோற்று வாளியோடு வந்த பஞ்சவர்ணம் அதைப் பார்த்து நின்றார்.

"ஏ ராக்கு. அங்கிட்டு எடம் கெடக்குல்ல. போய் உக்காரு."

ராக்கு எழுந்து போய், சேலையை இடுக்கிக்கொண்டு, குருசாமியின் முழங்காலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். மறுபுறம் ஒரு கொத்தனார் நகர்ந்து வந்தார். பஞ்சவர்ணம் முதல் இலையிலிருந்து வரிசையாகத்தான் பரிமாறி வந்தார். குருசாமியின் இலை வந்ததும் சோறு வைத்தார், குழம்பு ஊற்றினார். குருசாமி பிசைந்தார். ஒரு வாய் உண்டார். பந்தியில் பாதிப் பேர் தங்கள் இலையைப் பார்ப்பதுபோல அவரைப் பார்த்தார்கள்.

"ஏத்தா பஞ்சவர்ணம்," என்றார். "கொழம்புல உப்பு கொறச்சல்."

முப்பது வருடம் இலை முன்னால் உட்கார்ந்து பழகிய உறவுக்காரர் குறை சொல்வது போலிருந்தது அது. அந்தக் குரலில் அதற்குமுன் அவர் காலனி ஆட்களிடம் பேசி நான் கேட்டதில்லை.

"எங்க வீட்டுச் சமையல் இப்பிடித்தான்யா இருக்கும்," என்றார் பஞ்சவர்ணம். "வேணும்னா உப்புத் தாரேன், போட்டுக்கிருங்க."

"தா."

பஞ்சவர்ணம் கரண்டியைத் தேடவில்லை. உப்புச் சட்டியிலிருந்து விரலால் அள்ளி அவர் இலையின் ஓரத்தில் வைத்தார். அவர் அதைத் தொட்டுச் சோற்றோடு பிசைந்து, அடுத்த கவளத்தை வாயில் போட்டு, நிதானமாக மென்றார்.

"இப்ப?"

"இப்பச் சரியா இருக்கு."

பஞ்சவர்ணம் வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த இலைக்கு, ராக்குவின் இலைக்கு, நகர்ந்தார்.